கழுவாத தொட்டி

போன வருஷம் அம்மன் திருவிழாவுக்கு நாமெல்லாம் நம் பழைய தேயிலைத் தோட்டத்து மலைக்குத் திரும்பிப் போயிருந்தபோது, அன்னதானப் பந்தலில் உட்கார்ந்துகொண்டு ஒரு சின்னப் பிள்ளையைப் பற்றிப் பேசினீர்கள். முளைப்பாரிக்கு முதல் பிடி விதையை அவள் போட வேண்டாம், பிறந்த வருஷமே அப்பனை முழுங்கினவள், கை ராசியில்லை என்று. "பெரியவங்க சும்மாவா சொல்லி வெச்சாங்க?" என்று வேறு ஒருவர் கேட்டார். எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் ரசத்தைக் குடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. இப்போது தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஆமாம், நம் பெரியவர்கள் பல சமயம் சும்மாதான் சொன்னார்கள்.

எழுபதுகள் பாதி கழிந்திருக்கும். எனக்குப் பத்துப் பதினொரு வயசு. வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். பங்களாவில் வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொரு சாமான் கிடைத்தது. சமையல்காரருக்குப் பிரம்பு நாற்காலி, டிரைவருக்கு ரேடியோ. அப்பா பங்களாப் பூந்தோட்டத்தில் வேலை பார்த்தவர். வாய் திறந்து எதையும் கேட்காத மனுஷன். எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் கிடந்தது ஒரு மீன் தொட்டி. இரும்புச் சட்டம், நான்கு பக்கமும் கனத்த கண்ணாடி, அடியில் கறுப்புக் கல். உள்ளே மீனுமில்லை, தண்ணீருமில்லை. கொழுந்து மூட்டை ஏற்றும் லோரியில் அது எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்து இறங்கியது. அதை இறக்கும்போது டிரைவர் திட்டிய திட்டு உங்களில் சிலருக்குக் கட்டாயம் நினைவிருக்கும்.

முன்னறையில் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் தொட்டியை வைத்தோம். ஓரங்களில் தகரம் அடித்த பலகைப் பெட்டி. இப்போது அந்த மாதிரிப் பெட்டியை எங்கேயும் காணோம். அந்தப் பெட்டியில் எப்போதும் தேயிலைத் தூள் வாசம் இருக்கும். தொட்டியில் கண்ணாடி ஒட்டிய பசையின் வாடை. இரண்டும் சேர்ந்த அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நம் லயத்தில் அழுக்கைப் பார்த்து அவ்வளவு பயந்த பெண்பிள்ளை வேறு யாருமில்லை. நம் மலையில் எதுதான் பாசி பிடிக்காமல் இருந்தது? சுவர், படி, வாளி, துணி துவைக்கிற கல், ஒரு வாரம் விட்டால் எல்லாம் பச்சை. லயத்துச் சோதனைக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வருவார். பாசி கண்ட வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போடுவார். அதனால் சோதனைக்கு முதல் நாள் லயம் முழுக்கத் தேங்காய் நார் கரகரக்கும். அம்மாவுக்கு வருஷம் முழுக்கச் சோதனை நாள்தான். அட்டைக்கடியோடு கொழுந்துக்காட்டிலிருந்து வருவாள், ஒரு வாய் கோப்பி குடிக்காமல் படியைத் தேய்க்கக் குந்திவிடுவாள்.

அப்படிப்பட்டவள் மீன் தொட்டியைச் சும்மா விடுவாளா? சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள். ஆற்றிலிருந்து நான் பொறுக்கி வந்த கூழாங்கல்லை மண்ணெண்ணெய் டின்னில் போட்டு அடுப்பில் ஏற்றினாள்.

"என்னாம்மா, கல்லு வேகுதா?" என்று அப்பா கேட்டார்.

"சிரிங்க, சிரிங்க. நாளைக்கு டிரஸ்ஸர் வந்து மூக்க மூடிக்கிட்டா ஒங்களுக்குச் சிரிப்பு வராது."

அப்பா ரிங்லெட் டவுனுக்குப் போய், சீனர் கடையில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் பையில் தங்கமீன்கள் வாங்கி வந்தார். பையைத் தூக்கிப் பிடித்தபோது லயத்துப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வாசலில் இருந்தீர்கள். மறுக்காதீர்கள். மீனை நான்தான் விடுவேன் என்று அடம் பிடித்தேன். "கைய நல்லா சவுக்காரம் போட்டுக் கழுவிட்டு விடு" என்றாள் அம்மா. கழுவினேன். விட்டேன். பளபளவென்று தெளிந்த தண்ணீரில் அவை ஆரஞ்சுத் தோல் மாதிரி மினுங்கிக்கொண்டு சுற்றி வந்தன. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

வந்தவர்களெல்லாம் தீனி போட்டீர்கள். சோறு, ரொட்டித் துணுக்கு, ஒருவர் பருப்பு வடையைக்கூடப் பிய்த்துப் போட்டார். இரண்டாம் நாளே தண்ணீர் மங்கியது, மூன்றாம் நாள் ஒரு மீன் மல்லாந்தது. அம்மா பதறிப்போய்த் தண்ணீர் முழுவதையும் கொட்டி, கண்ணாடியைத் தேய்த்து, கல்லை மறுபடி வேகவைத்து, புதுத் தண்ணீர் ஊற்றினாள். மிச்ச மீனை நான் கையைக் கழுவிவிட்டு விட்டேன். மறுபடி ஒன்று செத்தது. மறுபடி தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்கச் செத்தன. ஒவ்வொன்றையும் கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டு அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனேன்.

வாத்தியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். நல்லவர், விஞ்ஞானத்தில் ஆசையுள்ளவர். அன்று மாலையே பள்ளிக்கூட அலமாரியிலிருந்து லிட்மஸ் தாள்களை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று. புளித்த தண்ணீர் என்றால் நீலம் சிவக்கும், காரமான தண்ணீர் என்றால் சிவப்பு நீலமாகும் என்று விளக்கிவிட்டு இரண்டையும் தொட்டியில் முக்கினார். லயமே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. இரண்டும் நிறம் மாறவில்லை.

"பாத்துக்குங்க. புளிப்பும் இல்ல, காரமும் இல்ல. தண்ணியில ஒரு கொறையும் கெடையாது" என்றார் வாத்தியார். எங்களுக்கு ஆறுதல் சொன்னதாக அவருக்கு நினைப்பு.

கூட்டத்தில் என் அத்தை நின்றிருந்தாள். அப்பாவின் அக்கா, அடுத்த லயத்தில் இருந்தவள். முளைப்பாரி வேலை எல்லாம் அவள் அதிகாரத்தில்தான் நடக்கும். அவள் தொட்டியைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"வாத்தியாரே சொல்லிட்டாரு, தண்ணியில கொற இல்லன்னு. அப்ப எதுல கொற? மீன ஒவ்வொரு வாட்டியும் விட்டது யாரு கை?"

வாத்தியார் தாள்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவு மெதுவாகச் சொன்னால் யார் காதில் விழும்?

இதில் என்ன போயிற்று என்று இப்போது உள்ளவர்கள் கேட்கலாம். முதல் பிடி விதையை வயசுக்கு வராத ஒரு பெண்பிள்ளை போடவேண்டும் என்பது நம் லயத்து வழக்கம் இல்லையா? அந்த வருஷம் என் முறை. அடுத்த திருவிழாவுக்குள் நான் வயசுக்கு வந்துவிட்டால் ஆயுசுக்கும் அந்த முறை கிடையாது. புதுப் பாவாடைகூட எடுத்தாகிவிட்டது. மறுநாளே அத்தை எங்கள் வாசலில் வந்து நின்று அம்மாவிடம் சொன்னாள்.

"ஒம் மவ கைய வெதையில வெக்க வேணாம். பயிறு அழுவிப்போனா எஸ்டேட்டுக்கே ஆவாது. கங்காணி மவ போடட்டும்."

"சின்னப் புள்ள, அண்ணி..."

"சின்னப் புள்ளதான். மீனும் சின்ன மீனுதான்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வேலிப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். கங்காணி மகளே, போன வருஷம் பந்தலில் என் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய். உன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்றைக்கு நீ என்னைப் பார்த்து நாக்கை நீட்டினாய். அதை மறக்கவும் இல்லை.

அதற்கப்புறம் என் கை லயத்தில் பெரிய பேச்சாகிப்போனது. தயிருக்கு உறை ஊற்ற என்னை விடவில்லை. கத்திரி நாற்று நடும்போது, "நீ தள்ளி நில்லுலா" என்றார்கள். மிளகாய்ச் செடி ஒன்று வாடினால்கூட என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். குளிக்கும்போது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எல்லோர் கை மாதிரியும்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்ததைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

தொட்டியில் கடைசியாக ஒரே ஒரு மீன் பாக்கி. வால் கிழிந்த மீன். அதுவும் நாளைக்கோ மறுநாளோ என்று கிடந்தது. தொட்டியை நான் தொடவே கூடாது என்று உத்தரவு. அம்மாவுக்கும் மனசு விட்டுப்போய் அதைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். டிரஸ்ஸர் வரும் நாளில் மட்டும் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடினாள். தூக்கிப் போட்டுவிடலாம் என்று அப்பா பேச்செடுத்தார்.

"அது சாவட்டும், அப்புறம் தூக்கிப் போடுங்க" என்று கத்தினேன். அப்பாவிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அது சாகவில்லை. முதலில் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆனது, ஒரு கெட்ட வாடை அடித்தது. பிறகு வாடை போனது. பிறகு கண்ணாடியில் பச்சை படிந்தது, கல்லெல்லாம் வழவழவென்று பழுப்பாயிற்று. யாரும் தீனி போடவில்லை, கல்லில் இருந்த வழவழப்பை மீன் கொத்தித் தின்றது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தை மட்டும் தொட்டிக்கு மேலே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பேன். மழை நின்ற பிறகு ஆற்றோரத்தில் வருமே ஒரு வாசம், அது வந்தது. மீனின் வால்கூட வளர்ந்து ஒட்டிக்கொண்டது.

சமீபத்தில் என் பேரனுக்கு மீன் தொட்டி வாங்க ஈப்போவில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரப் பையன் மீன் தர மாட்டேன் என்றான். "ஆன்ட்டி, புதுத் தொட்டியில ஒடனே மீன் விடக்கூடாது. மீன் கழிவுல இருந்து விஷம் ஊறும். அத தின்னுற கண்ணுக்குத் தெரியாத கிருமி கல்லுல, கண்ணாடியில வளரணும். அதுக்கு வாரக்கணக்கா ஆவும். தேச்சுக் கழுவுனா அதுங்க செத்துரும்" என்றான். ஒரு குப்பியில் தண்ணீரை எடுத்து, அதில் மருந்துச் சொட்டு விட்டு, நிறம் மாறுவதைக் காட்டி, விஷம் இருக்கிறதா இல்லையா என்று சொன்னான். லிட்மஸ் அதைப் பார்க்காதா என்று கேட்டேன். "அது வேற, இது வேற ஆன்ட்டி" என்றான். நான் கடையிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். பேரன் என் சேலையைப் பிடித்து இழுத்தான். சிரிப்பு நிற்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாத்தியார் தாள் பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்?

ஆனால் அந்தச் சின்ன வயசில், லயத்தில் என்ன நடந்தது தெரியுமா? மீன் பிழைத்த சேதி கேட்டு அத்தை வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். கை தட்டினாள்.

"பாத்தீங்களாலா? அவ கை படல, மீனு பொழச்சிக்கிச்சு!"

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. செத்தாலும் என் கை, பிழைத்தாலும் என் கையா?

"என் கை மட்டுமா படல? அம்மா கையும்தான் படல. சவுக்காரம் படல. தேங்கா நாரு படல. கல்ல யாரும் வேக வெக்கல. அதையெல்லாம் ஏன் சொல்ல மாட்டேங்குறீங்க?"

"வாயப் பாரு, வாய!" என்றாள் அத்தை. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் சரியாக வைக்கவில்லை. பாதிக் கையோடு நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

முளைப்பாரி போடும் நாள் வந்தது. ஊர்ப் பக்கம் இருட்டறை போதும் என்பார்கள். நம் குளிருக்கு அடுப்புச் சூடு இல்லாமல் பயறு முளைக்காது. அத்தை வீட்டு அடுப்படி பெரியது, சட்டிகளை அங்கேதான் வரிசையாக வைப்பார்கள். விறகு தள்ளுவது, எரு சலிப்பது, மஞ்சள் தண்ணீர் கரைப்பது, மற்றவர்களை விரட்டுவது எல்லாம் அத்தைதான். ஆனால் அவள் விதையில் கை வைத்து நான் பார்த்ததே இல்லை. தலைவி என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த வருஷம் கங்காணி மகள் முதல் பிடி போட்டாள். குலவைச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. நான் புதுப் பாவாடையை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

பிறகு அம்மாவின் டப்பாவிலிருந்து ஒரு பிடி பாசிப்பயறை எடுத்தேன். காலிப் பால்மாவு டின்னில் மண்ணும் எருவும் போட்டு என் இரண்டு கையாலும் விதைத்தேன். குலவை போட யாருமில்லை, நானே மெதுவாகப் போட்டுக்கொண்டேன். சாக்கால் மூடி அடுப்புக்குப் பின்னால் வைத்தேன். மஞ்சள் தண்ணீருக்கு எங்கே போவது? தொட்டித் தண்ணீரைத்தான் அள்ளினேன். ஆமாம், கையை விட்டுத்தான் அள்ளினேன். மீன் வந்து விரலைக் கொத்தியது. காலையிலும் மாலையிலும் அந்தப் பச்சைத் தண்ணீரைத்தான் ஊற்றினேன். அள்ளிய அளவுக்குக் குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன். மீன் சாகவில்லை. பயறு வளர்ந்த வளர்த்தியைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

அப்பா அதைக் கண்டுபிடித்துவிட்டார். சாக்கைத் தூக்கிப் பார்த்தார், பழையபடி மூடினார். அடுத்த முறை ரிங்லெட்டிலிருந்து வரும்போது கையில் பிளாஸ்டிக் பை இருந்தது, உள்ளே மீன்கள். என்னிடம் நீட்டி, "நீயே விடு" என்றார். விட்டேன். அவையும் வாழ்ந்தன.

திருவிழா அன்று பெண்கள் வரிசையாக முளைப்பாரி தூக்கிக்கொண்டு லயத்திலிருந்து கிளம்பினார்கள். மேளம் முன்னால் போனது. பனி இன்னும் முழுதாக விலகவில்லை. நான் புதுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, பால்மாவு டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன். என் பயறு எல்லாச் சட்டியையும்விட ஒரு விரல் உயரம் கூட இருந்தது. அத்தை பின்னால் ஓடி வந்தாள்.

"ஒன்ன யாருடி தூக்கச் சொன்னா?"

"நானேதான் தூக்கிக்கிட்டேன்."

"எறக்கு."

"எறக்க மாட்டேன். கோயில்ல இருக்குற ஆத்தா எறக்கச் சொல்லட்டும், எறக்கறேன்."

மேளம் நின்றுவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டின்னின் விளிம்பு உச்சந்தலையை அறுத்தது. அப்போது அம்மா வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கி, டின்னைத் தூக்கி, சும்மாட்டை என் தலையில் வைத்து, அதன் மேல் டின்னை வைத்தாள்.

"நட. அண்ணி, வழி விடுங்க" என்றாள். என் அம்மா, ஒருவரிடமும் குரல் உயர்த்தாதவள். அத்தை வழி விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். முந்தானைக்குள் எதையோ மறைத்திருந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். அவள் முந்தானையை விலக்கினாள். பிளாஸ்டிக் பை. உள்ளே ஒற்றைத் தங்கமீன். கொட்டுகிற மழையில் ரிங்லெட் வரை போய் வாங்கி வந்திருக்கிறாள்.

"ஏன்டி, இத என் கையால விடலாமா?" என்று கேட்டாள். அத்தையின் குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை.

அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தைக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. சடங்கு வீட்டில் அவளை நலங்கு வைக்க விடமாட்டார்கள். அவள் கையால் விதை போட்டால் அழுகும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அதனால்தான் அத்தனை வருஷமும் விறகு தள்ளினாளே தவிர ஒரு பயறைத் தொடவில்லை. இதையெல்லாம் அவள் கண்ணை மூடிய பிறகு அம்மாதான் சொன்னாள். தன் கைக்குக் கொடுத்த பட்டத்தை என் கைக்கு மாற்றிவிட்டால் தன் பாரம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தாளோ என்னவோ. எனக்கு அது புரிகிறது. ஆனால் மன்னிக்கவில்லை. புரிந்தால் மன்னித்தே ஆகவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

அன்றைக்கு அத்தை பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கை கழுவப் பின்பக்கம் போகத் திரும்பினாள்.

"கழுவாதீங்க அத்த. அப்படியே விடுங்க" என்றேன்.

கொழுந்துக் கறை படிந்த கை. மஞ்சள் இன்னும் போகவில்லை. மீனோடு சேர்த்துக் கையைத் தண்ணீருக்குள் விட்டவள் வெளியே எடுக்கவே இல்லை. பழைய மீன்கள் வந்து அவள் விரலைக் கொத்தின. அத்தை சத்தமில்லாமல் அழுதாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கோப்பி கலக்கப் போனாள்.

அந்தத் தொட்டியில் மற்ற மீன்களெல்லாம் போன பிறகும், கடைசி வரை இருந்தது அத்தை விட்ட மீன்தான்.

என் கைக்கு வருகிறேன். இதே கையால்தான் கியா பார்ம் காய்கறித் தோட்டத்தில் நாற்று வளர்த்துப் பிழைத்தேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். உங்களில் எத்தனை பேர் வீட்டுத் தோட்டத்தில் என் நாற்று நிற்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். இந்த வருஷத் திருவிழாவுக்கு நான் முன்னதாகவே மலைக்கு வருகிறேன். அப்பனை முழுங்கினவள் என்று நீங்கள் சொன்ன அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு விதைச் சட்டிக்கு முன்னால் வந்து உட்காரப்போகிறேன். யார் அவளை எழுப்புகிறீர்கள் என்று பார்க்கிறேன்.